பக்கத்து நாற்காலியில் இருப்பவர்: சிங்கப்பூரில் புற்றுநோயும் குடும்பமும்

தேக்கா சந்தையை விட்டு வெளியே வந்து புக்கிட் தீமா சாலையைக் கடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். அங்கே தேசியப் புற்றுநோய் நிலையம். நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை. புற்றுநோய்க்கு நல்ல மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. இங்கே நான் பேச விரும்புவது, அந்த மருத்துவத்தை வாங்கிக்கொண்டு நோயாளி வீடு திரும்பிய பிறகு நடப்பதை.

ஒரு காலத்தில் புற்றுநோய் என்றால் வார்டில் படுக்கை. இன்று கீமோ பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சை. காலையில் ரத்தப் பரிசோதனை, அணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து டாக்டர் சரி சொன்னதும் சாய்வு நாற்காலியில் சில மணி நேரம் மருந்து ஏறும், மாலையில் வீடு. ரேடியேஷனுக்கு மேசையில் படுப்பது சில நிமிடங்கள்தான், ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில் போய் வரவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால் ஆஸ்பத்திரியில் கழிவது ஒரு நாள். மற்ற இருபது நாளும் வீடுதான் வார்டு. அந்த வார்டுக்கு நர்ஸ் யார் என்று எவரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. மனைவியோ மூத்த மகளோ, பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே அதிக வேலை செய்கிற ஒரு பெண்ணோ, அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்.

சிங்கப்பூரில் நான்கு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு புற்றுநோய் வரக்கூடும் என்பது இங்குள்ள சுகாதார அமைப்புகள் அடிக்கடி சொல்லும் கணக்கு. அப்படியென்றால் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் அதைவிட அதிகம். இவர்களுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும், இவர்களுக்கு யார் துணை, எங்கே இடைவெளி விழுகிறது? ஆராய்ச்சிகளும் அரசின் திட்டங்களும் நம் வீடுகளின் பழக்கமும் இதற்குத் தரும் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பாசம் என்ற பேரில் இந்த வேலையை நாம் வேலையாகவே எண்ணாமல் விட்டதுதான் அதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். எண்ணாத வேலையைப் பங்கிட முடியாது.

பக்கத்தில் இருந்தவருக்கு என்ன தெரியும் என்பதற்குத் தமிழர்களிடம் பெரிய சாட்சி ஒன்று உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அக்காள் டாக்டர், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அனுபவம் அவரை விடவில்லை. நிதி திரட்டி, ஆட்சியாளர்களோடு வாதாடி, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் மறையும்வரை அதைத் தாங்கி நின்றார். தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் மருத்துவமனை ஒரு நோயாளியின் அக்காள் பட்ட வேதனையிலிருந்து எழுந்தது என்பதை இங்குள்ள நம் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும்.

வீட்டு வார்டில் முதலில் தெரிந்திருக்கவேண்டியது காய்ச்சல். கீமோ ஏறிய பிறகு, மருந்தைப் பொறுத்து, ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்கும். அந்த நாட்களில் தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பவேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? "காலையில பாத்துக்கலாம், ரெண்டு பனடோல் போடு." பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். சில மணி நேரத் தாமதத்தில் உயிர் போகக்கூடிய விஷயம் இது. ஆகவே தெர்மாமீட்டரும், மருத்துவமனை கொடுத்த அவசர எண்ணும், கீமோ அட்டையும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்லவேண்டிய வாக்கியமும் ஒன்று உண்டு: "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல் இருக்கிறது." இதைச் சொன்னால் நோயாளியை முன்னுரிமையோடு பார்ப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இது தெரிந்தால் போதாது. பள்ளிக்குப் போகிற பேரனும் பணிப்பெண்ணும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

கீமோ முடிந்த முதல் 48 மணி நேரம் மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். சுத்தம் செய்கிறவர் கையுறை போடவேண்டும், கழிவறையில் இருமுறை தண்ணீர் விடவேண்டும். கர்ப்பிணி மருமகள் அதைத் தொடவே கூடாது. இதை ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த நாளில் காதில் விழுகிற நூறு விஷயங்களில் இதுவும் ஒன்றாகக் கரைந்துபோகிறது.

அடுத்தது அடுப்படி. தாளிக்கிற வாசனை, அதிலும் பூண்டும் மீனும், நேற்றுவரை பசியைக் கிளப்பிய அதே வாசனை, இப்போது குமட்டலைக் கிளப்பும். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. தயிர்சாதம் இறங்குகிற நாளில் குழம்புசாதம் இறங்காது. வாய்ப்புண் இருக்கும்போது ரசத்தின் புளிப்பும் மிளகும் எரியும். எவர்சில்வர் கரண்டி நாக்கில் உலோக ருசி தட்டுகிறது என்றால் பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறினால் சிலருக்குச் சரியாகிறது. ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டு "சாப்பிடு, சாப்பிடு" என்று எதிரே உட்கார்ந்திருப்பதைவிட, இரண்டு மணிக்கொரு தடவை ஒரு சின்னக் கிண்ணம் வைப்பது மேல். நோயாளி சாப்பிடாததைச் சமைத்தவர் தன் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார். மேசையில் தினம் மூன்று வேளை சண்டை. இதற்கென்றே மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார்கள். கேட்கிறவர்தான் குறைவு.

கஷாயங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முள்சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் மாத்திரை என்று ஒவ்வொரு உறவினரும் ஒன்றைக் கொண்டுவருவார். சமையலில் போடுகிற மஞ்சளால் கெடுதல் ஒன்றுமில்லை. செறிவாக்கிய மாத்திரை வேறு சங்கதி, சில மருந்துகளின் வேலையில் அது குறுக்கிடக்கூடும். கிரேப்ஃப்ரூட் சாறு சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டாக்டர் திட்டுவார் என்று பயந்து இவற்றை மறைத்துக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. மருந்துப் பட்டியலோடு கஷாயப் பட்டியலையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி எல்லாவற்றையும்விடக் கடினமான விஷயம். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." அறைக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு, மகன்கள் சொல்கிற இந்த வாக்கியத்தைக் கேட்காத புற்றுநோய் டாக்டர் இங்கே இருக்கமாட்டார். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் சொல்வதில்லை. சீனக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் இதே பேச்சுத்தான். அம்மா உடைந்துபோவாள் என்கிற பயம் அது. அந்தப் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அம்மா அழைத்துவரப்பட்ட கட்டடத்தின் பெயரிலேயே நோயின் பெயர் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் முடி கொட்டிய இன்னொரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை மகனிடமிருந்து அவர் மறைக்கிறார், அவன் தாங்கமாட்டான் என்று. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே கடைசிவரை போய்விடுகிறார்கள். நகை யாருக்கு, ஊருக்கு ஒருமுறை போய்வர ஆசை, வெண்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, எதுவும் பேசப்படாமலே போகிறது.

டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் லியன் நோய்த்தணிப்பு ஆய்வு மையம் 2016-ல் தொடங்கி, நான்காம் நிலைப் புற்றுநோயாளிகள் 600 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தம் நோய் எந்த நிலையில் இருக்கிறது, சிகிச்சை எதற்காகத் தரப்படுகிறது என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பது அதில் வெளிப்பட்ட ஒன்று. குணமாகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர் கடைசி மாதங்களிலும் கடுமையான சிகிச்சையையே கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கவில்லை.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் போட்டு உடைத்துவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல டாக்டர்கள் முதலில் நோயாளியிடமே கேட்கிறார்கள்: உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியவேண்டும்? "எல்லாத்தையும் என் மூத்தவன்கிட்டச் சொல்லுங்க, அவன் பாத்துக்குவான்" என்று அம்மா சொன்னால் அது அம்மாவின் முடிவு. கேட்காமலே பிள்ளைகள் எடுக்கும் முடிவுக்கும் அதற்கும் தூரம் மிக அதிகம். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய நோயாளியின் சம்மதம்தான் இந்த நாட்டின் சட்டத்தில் செல்லும், மகனின் சம்மதம் இல்லை. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை மகன் தமிழில் சொல்லும் ஏற்பாடும் நல்லதல்ல. "பரவியிருக்கிறது" என்பதைச் சொல்லவேண்டிய இடத்தில் அவன் தொண்டை அடைத்துக்கொள்ளும். "கொஞ்சம் இருக்காம், மருந்துல சரியாயிடுமாம்" என்றுதான் வெளியே வரும். தமிழ் பேசும் தாதியரும் டாக்டர்களும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேசுவதற்கு ஒரு வழியாக முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் 2011 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியையும் குடும்பத்தையும் ஒன்றாக உட்கார வைத்து அவர் விருப்பங்களை எழுதுகிறார். வீட்டில் யாரும் தொடங்கமுடியாத பேச்சை மூன்றாவது மனிதர் ஒருவர் தொடங்கிவைப்பது பெரிய உதவி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் 2022 செப்டம்பருக்கு முன் புற்றுநோய் மருந்துக்கு மாதம் 3,000 வெள்ளி என்று ஒரே வரம்பு இருந்தது. அதன்பிறகு புற்றுநோய் மருந்துப் பட்டியல் வந்தது; மருந்துக்கு மருந்து மாதம் 200 முதல் 9,600 வெள்ளி வரை வரம்பு. பட்டியலில் இல்லாத மருந்துக்கு அதிலிருந்து பணம் கிடைக்காது. தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களும் 2023 ஏப்ரலிலிருந்து இதே வழிக்கு மாறின. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி: "இந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் பட்டியலில் உள்ள எதைத் தரலாம்?" அதே வாரத்தில் மருத்துவச் சமூக சேவையாளரையும் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான மெடிஃபண்டு நிதிக்கு வழி அவர் மேசைதான்; 1964-ல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் உதவிகளுக்கும் அவரே வழிகாட்டுவார். கௌரவம் பார்த்து நகையை அடகு வைத்துவிட்டு, அதற்கும் பிறகு அங்கே வருகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

பராமரிப்பவருக்கு என்ன இருக்கிறது? இல்லப் பராமரிப்பு மானியம் 2019-ல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி 2023-ல் 400 வரை உயர்ந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற ஆறு அன்றாடக் காரியங்களில் மூன்றையாவது நிரந்தரமாகப் பிறர் துணையின்றிச் செய்யமுடியாதவர்களுக்கே அது. கீமோ நோயாளியின் கதை வேறு: ஒரு வாரம் எழுந்திருக்கவே முடியாது, அடுத்த வாரம் தேக்காவுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்குவார். அவருடைய இயலாமை வந்து வந்து போகிறது; விதியோ நிரந்தரத்தைக் கேட்கிறது. ஆக, வேலையை விட்டு உடன் இருக்கும் மகளுக்கு, சிகிச்சை நடக்கிற மாதங்கள் முழுதும், இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அரசாங்க ஊழியர்களுக்குப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு இரண்டு நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்குச் சட்டம் அதையும் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிகள்படி ஊழியர் முறைப்படி கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அந்த இரண்டு மாதத்தில் மூன்று கீமோ முடிந்திருக்கும். நோய்க்காலத்துக்கென்று குறுகிய, தற்காலிகமான ஒரு பராமரிப்பு விடுப்பு இந்த நாட்டுக்குத் தேவை என்பதே என் எண்ணம்.

உடல் கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு: நோயுற்ற துணையைப் பராமரித்து, அதனால் மன உளைச்சலும் அடைந்த முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிக்கும் பொறுப்பில்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. அது புற்றுநோயை மட்டும் பார்த்த ஆய்வில்லை. ஆனாலும் கணவரின் மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுத் தன் சர்க்கரை மாத்திரையை மறக்கிற நம் அம்மாக்களை நினைத்தால் இந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை. இங்கே மனநல மருத்துவர் ரதி மகேந்திரனும் உடன் உழைத்தவர்களும் புற்றுநோய்ப் பராமரிப்பாளர்களுக்கென்றே குழு வடிவில் ஆதரவுச் சந்திப்புகளை வடிவமைத்து, அந்த ஆய்வுத் திட்டத்தை 2015-ல் வெளியிட்டார்கள். பராமரிப்பவரையும் தனியாகக் கவனிக்கவேண்டியவர் என்று மருத்துவமே ஒப்புக்கொண்ட அடையாளமாக அதைப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட சந்திப்புகள் தமிழிலும் நடக்கவேண்டும், வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோதான மாலை நேரத்தில். சிராங்கூன் சாலையில் கோயில் மண்டபங்களுக்குக் குறைவில்லை.

பணிப்பெண்ணை மறக்கக் கூடாது. பல வீடுகளில் ராத்திரி எழுந்து பாத்திரம் பிடிப்பவர் அவர்தான். முதியவரோ உடற்குறையுள்ளவரோ வீட்டில் இருந்தால் பணிப்பெண்ணுக்காகக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 ஆகக் குறைகிறது. அது முதலாளிக்குக் கிடைக்கும் சலுகை. கையுறையும் பயிற்சியும் தூக்கமும் ஓய்வுநாளும் அவருக்குக் கிடைக்கவேண்டியவை.

சொந்தபந்தம் பார்க்க வரும். வெறுங்கையோடு வரமாட்டார்கள், ஹார்லிக்சும் ஆப்பிளும் இருக்கும். கூடவே இருமலும் இருக்கும். இதே புற்றுநோயில் போய்ச் சேர்ந்த யாரோ ஒரு சித்தப்பாவின் கதையும் இருக்கும். அணுக்கள் குறைந்த நாட்களில் யாரையும் உள்ளே விடாத உரிமை வீட்டாருக்கு உண்டு. "டாக்டர் சொல்லிட்டாங்க" என்று பழியை டாக்டர்மேல் போட்டுவிடலாம், அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உதவ மனமுள்ள உறவினருக்கு வேலை நிறைய இருக்கிறது. ரேடியேஷனுக்கு வாரத்தில் ஐந்து பயணம். "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி, நீங்க தூங்குங்க" என்று ஒருவர் ஒரு கிழமையை எடுத்துக்கொண்டால் அண்ணிக்கு அன்று ஒரு பகல் கிடைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நோய் முற்றினாலும் வீட்டுக்கு வரும் துணை உண்டு. சிராங்கூன் சாலையில் வடக்கே போனால் 705-ஆம் எண்ணில் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை. பழைய டான் டோக் செங் மருத்துவமனை காலிசெய்த இடத்தில் 1910-ல் எழுந்தது. எச்சிஏ அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பு அங்கிருந்துதான் இயங்குகிறது. 1989-ல் தொடங்கிய இந்த அமைப்பின் டாக்டர்களும் தாதியரும் வீட்டுக்கே வந்து வலியைக் கவனிக்கிறார்கள்; கட்டணம் இல்லை; இனம், மதம் பார்ப்பதில்லை. நம்மவர்கள் இவர்களைக் கூப்பிடத் தயங்குவது பயத்தால்தான்: கூப்பிட்டால் கைவிட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று. 2010-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இந்தப் பயத்துக்கு நேரான பதில். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் முன்னவர்களுக்குக் குறைவு.

லியன் அறக்கட்டளை 2014-ல் எடுத்த கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே இறக்க விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் நாட்டில் வீட்டில் இறந்தவர்கள் 27 விழுக்காடு மட்டுமே. மருத்துவமனையில் நேரும் இறப்புகளை 61 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 51-ஆகக் குறைப்பது 2023-ல் சுகாதார அமைச்சு வைத்த இலக்கு. இலக்கு சரி. அதன் எடை வந்து இறங்குகிற இடம் மூவறை வீட்டுக் கூடத்தில் போட்ட கட்டிலும், அதன் பக்கத்தில் விழித்திருக்கிற ஒரே ஒரு மனிதரும். அவருக்கு மாற்றாள் இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காது.

பக்கத்து நாற்காலியே இல்லாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவை நிறைக்கிற நம் வேலைத்தம்பிகளில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் உடன் வருவது அறைத்தோழர்தான், அதுவும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு. வேலை அனுமதிச்சீட்டுக்காரருக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000-ஆக இருந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும். மாதக்கணக்கில் புறநோயாளியாக நீள்கிற சிகிச்சைக்கு இங்கே வீடும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்னும்போது ஊருக்குக் கிளம்புவதே பல நேரம் வழியாகிறது. ஹெல்த்சர்வ், டிடபிள்யுசி2 போன்ற தொண்டு அமைப்புகள் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் துணை நிற்கின்றன. முதலில் அவர்களிடம் போகலாம்.

அப்படி ஊர் திரும்புகிற தம்பியின் பையில் இருக்கவேண்டியவற்றை அவர் தோழர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்: திசுப் பரிசோதனை அறிக்கை, கேட்டால் கிடைக்கிற திசுக் கண்ணாடித் துண்டுகள், ஸ்கேன் படங்களின் வட்டு, கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும், அடுத்த மருந்து எந்த நாளில் என்ற குறிப்பு. இவை இல்லாமல் போனால் அடையாற்றிலோ மதுரையிலோ எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும், வாரங்கள் வீணாகும். விமானச் சீட்டுக்குப் பணம் திரட்டுகிற அதே நாளில் ஒருவர் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய், தம்பியின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தோடு, இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கவேண்டும்.